அகிம்சை தினத்துச் செத்தவீடு

"எங்கடை ஊரிலை ஆரும் ஆருக்கும் கை நீட்டினது கிடையாது" என்று வாசிகசாலைத் தலைவர் சொன்னார். அவர் சொன்னது என்னுடைய மைக்கில். ஊர் முழுக்க அது கேட்டது என்னுடைய ஒலிபெருக்கியில். பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் காது இரண்டும் கொதித்தன. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். ஓட்டோவின் கூரையில் கூம்பு ஒலிபெருக்கி இரண்டைக் கட்டி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் மைக்கையும் பிடித்து, இணுவில் பக்கத்திலிருந்து எங்கள் ஊரின் கடைசி ஒழுங்கை வரைக்கும் கத்திக்கொண்டு போவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தமிழ் எனக்கு வந்தது சனத்தின் வாயிலிருந்துதான். பஸ்ஸில், சலூனில், கோவில் வீதியில் யாராவது ஒன்றை வடிவாகச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகும்வரை அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டு போவேன். கொழும்புத்துறையிலிருந்து ஸ்கூட்டியில் மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். றெஜிபோம் பெட்டியைத் திறந்து ஐஸைக் கிளறிக்கொண்டே பேசுவார். என்னைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

"நான் மீனை விக்கிறன், நீர் வாயை விக்கிறீர். என்ரை மீன் பழுதாப் போனால் மணக்கும், ஆக்கள் வாங்காயினம். உம்மடை வாய் பழுதாப் போனால் ஆருக்கும் தெரியாது."

அன்று சிரித்தேன்.

நான் சொல்லும் அறிவித்தல்களில் திருவிழா இருக்கும், டெங்கு இருக்கும், தவறிப்போன மாடு இருக்கும். ஆனால் என் குரலைக் கேட்டதும் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டுப் படலைக்கு ஓடி வருவது மரண அறிவித்தலுக்குத்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. கல்யாண வீட்டுக்குக் காட் வரவேண்டும், அதுவும் வீட்டுக்கு வந்து தரவேண்டும். செத்தவீட்டுக்கு ஒருவரும் அழைக்கமாட்டார்கள். அறிந்தால் போகவேண்டும். வேலிச் சண்டையில் பத்து வருடம் பேச்சுப்பறைச்சல் இல்லாதவனும் போய் முற்றத்தில் ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வரவேண்டும். போகாதவனை ஊர் மன்னிக்காது. அறியாதவனுக்கு மட்டுமே மன்னிப்பு. பிறகு ஒருநாள் சந்தையில் கண்டு, "அறியக் கிடைக்கேல்லை, குறை நினையாதேங்கோ" என்று சொன்னால் போதும், குற்றம் கழுவப்பட்டுவிடும். ஆகவே ஊர் அறிந்ததா இல்லையா என்பதை முடிவு செய்வது என் தொண்டை. இதை நான் அப்போது பெருமையாக நினைத்திருந்தேன்.

இனி, தலைவர் இல்லையென்று சொன்ன அந்த அடி.

அவர் அப்படிப் பேசியதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், வெங்காயம் கிண்டும் காலம். வெளியூரிலிருந்து கூலிக்கு வந்திருந்த ஓர் இளைஞனை, தண்ணீர் இறைக்கும் மோட்டரைக் களவெடுத்தான் என்று பிடித்து, வாசிகசாலைக்கு முன்னால் நிற்கும் வேப்பமரத்தில் கட்டினார்கள். அன்று பின்னேரம் விளையாட்டுப் போட்டி. நான் ஒலிபெருக்கிச் செற்றைப் பூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து, "கள்ளன் பிடிபட்டிட்டான் அண்ணை, ஒருக்கா மைக்கிலை சொல்லுங்கோ" என்றார். ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மைக் கையில் இருந்தது, வாய் தானாகத் திறந்தது. "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அவசர அறிவித்தல்" என்று தொடங்கி, மோட்டர் திருடன் பிடிபட்டான், எல்லோரும் உடனடியாக வாசிகசாலை முன்றலுக்கு வரவும் என்று, கடைசிச் சொல்லை இழுத்து, இரண்டு தரம் சொன்னேன். வடிவாகச் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் குமட்டுகிறது.

சனம் வந்தது. சிலர் பார்க்க வந்தார்கள். சிலர் பச்சைத் தென்னைமட்டையோடு வந்தார்கள். ஐந்து பேர் அடித்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். அந்த இளைஞன் முதலில் "ஐயா" என்றான், பிறகு "அம்மா" என்றான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வேலி ஓரமாக ஓடிவந்து இடையில் விழுந்தவர் ஒருவர்தான். எங்கள் ஊர் முன்பள்ளி ரீச்சர். "உந்த மட்டையைக் கீழை போடடா! உனக்கு நான் அ, ஆ எழுதப் பழக்கினது உந்தக் கையிலையோ?" என்று ஒருவனின் கையைப் பிடித்து இழுத்தார். பொலிசுக்குப் போன் எடுத்ததும் அவர். பிறகு பொலிசில் போய், தான் கண்ட ஐந்து பேரின் பெயரையும் சொன்னவரும் அவர். அதில் ஒருவன் தலைவரின் தங்கையின் மகன்.

அந்த இளைஞனின் இடது கை பிறகு நேராகவில்லை என்று கேள்வி. அவன்தான் மோட்டரை எடுத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுத்திருந்தால்தான் என்ன?

வழக்குத் தொடங்கியது. ஊர் ரீச்சரை ஒன்றும் செய்யவில்லை. இந்த வாக்கியத்தை எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! "நாங்கள் அவவை ஒண்டும் செய்யேல்லையே." உண்மைதான். ஒருவரும் கல்லெறியவில்லை, ஒருவரும் ஏசவில்லை. ஒரு திங்கட்கிழமை முன்பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை, அவ்வளவுதான். குட்டிக் கதிரைகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு ரீச்சர் பதினொரு மணிவரை வாசலில் நின்றார். அதற்குப் பிறகு வீட்டில் தையல் மெசின் போட்டார். சட்டை தைக்க வந்தவர்கள் எல்லாம் பக்கத்து ஊர்க்காரர். கல்யாணக் காட் அவர் வீட்டைத் தாண்டிப் போனது. கோவிலில் அவர் நிற்கும் பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

அவருடைய தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் எந்தச் செத்தவீடானாலும் அலவாங்கோடு முதலில் வருபவர் அவர்தான். முற்றத்தில் நான்கு கிடங்கு கிண்டி, பந்தற்காலை நட்டு, தகரத்தை ஏற்றிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பார். இழுத்துக்கொண்ட வாயோடு கிடந்தவர், படலை கிறீச்சிட்டால் கண்ணைத் திருப்பிப் பார்ப்பாராம். அந்த இரண்டு வருடமும் அந்தப் படலையைத் திறந்தது ரீச்சரும் சட்டை தைக்க வந்தவர்களும் மீன்கார அக்காவும்தான். அக்கா மட்டும் உள்ளே போய், அவர் நடமாடிய நாளிலிருந்தே அக்காவுக்கென்று போட்டுவைத்த கதிரையில் இருந்து, "என்னப்பு, இண்டைக்கு ஒட்டி மீன் கிடக்கு, தரட்டோ?" என்று அவரிடமே கேட்டுவிட்டு வருவார். மற்ற வீடுகளில் அந்த அக்காவைப் படலைக்கு வெளியே நிறுத்தித்தான் மீன் வாங்குவார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

நான் என்ன செய்தேன்? நானும் ஒன்றும் செய்யவில்லை. ரீச்சர் எதிரே வந்தால் "சுகமோ அண்ணை?" என்பார். நான் ஓட்டோ மீற்றரைப் பார்ப்பேன்.

போன ஒக்ரோபரில் வாசிகசாலையில் சர்வதேச அகிம்சை தினம் கொண்டாடுவது என்று முடிவானது. எங்கள் வாசிகசாலை இதுவரை கொண்டாடாத தினம் அது. வழக்கு நெருங்குகிறது, நல்ல பெயர் தேவைப்படுகிறது என்று எனக்கு விளங்கியது. விளங்கியும், முதல் நாள் பின்னேரம் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், அகிம்சை, அன்பு, அமைதி வழியில் மாற்றம் என்று எழுதித் தந்ததைச் சொன்னேன். ரீச்சரின் ஒழுங்கையிலும் சொன்னேன். மீன்கார அக்கா பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"அகிம்சை எண்டால் என்ன ஐயா?"

"ஒருத்தருக்கும் அடியாமல் இருக்கிறது அக்கா."

"அது என்ரை மீனும்தான் ஒருத்தருக்கும் அடியாமல் கிடக்குது."

அடுத்த நாள், இரண்டாம் திகதி, நன்றாக விடிந்து நான் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது படலையில் ரீச்சர் நின்றார். தலை சீவியிருக்கவில்லை. அழவும் இல்லை.

"அண்ணை, அப்பா விடியப்புறம் செத்துப்போனார். வெளிநாட்டிலையிருந்து வாறதுக்கு ஒருத்தரும் இல்லை. இண்டைக்கே எடுக்கப்போறம், பின்னேரம் மூண்டு மணிக்கு. ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

நான் துவாயால் முகத்தைத் துடைத்தேன். தேவைக்கு அதிகமாகவே துடைத்தேன்.

"இண்டைக்குச் செற் வாசிகசாலைக்கு எண்டு சொல்லிப்போட்டன் ரீச்சர்."

"பத்து நிமிசம்தானே அண்ணை."

"தலைவரை ஒருக்காக் கேட்டுப்போட்டு..."

என் மனிசி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ரீச்சர் போனதும் சொன்னாள்: "செத்தவீடு சொல்லத் தலைவரைக் கேக்கிற மனுசனை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். மூச்சு விடவும் கேட்டுக்கொண்டு வாங்கோ."

போனேன். கேட்கத்தான் போனேன். தலைவர் சந்தியிலிருந்து வாசிகசாலை வரை வெள்ளைக் கொடி கட்டுவித்துக்கொண்டிருந்தார். சமாதானத்துக்காம். எங்கள் பக்கத்தில் வெள்ளைக்கொடி கட்டுவது செத்தவீட்டுக்கு. கொடி கட்டிய ஒருவர் அதைச் சொல்லி முணுமுணுக்க, "உது உலக வழக்கம், நீ கட்டு" என்று அவரை அடக்கிவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொல்லிப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதை. சொன்னால் எல்லாரும் போகவேண்டி வரும். சொல்லாட்டில் அறியேல்லை எண்டு இருக்கலாம். சனத்தை ஏன் சங்கடப்படுத்துவான்?"

"ஐயா, அந்த மனுசன் உங்கடை அம்மாவின்ரை செத்தவீட்டுக்கும் பந்தல் போட்டவர்."

"நான் இல்லை எண்டேனோ? நல்ல மனுசன். மகள்தான் பிழை." கொடிக்கயிற்றை இழுத்துப் பார்த்தார். "நீ ஒண்டு செய். நீ கதைச்சால் கேப்பா. பொலிசிலை குடுத்ததை வாபஸ் வாங்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். ஒரு சொல்லுத்தான். ஊர் முழுக்க வரும். பெடியள் வந்து பந்தல் போடுவாங்கள், பெட்டியைத் தோளிலை காவுவாங்கள், நான் முன்னுக்கு நடப்பன். சமாதானமாப் போவம். இண்டைக்கு நல்ல நாள்."

நல்ல நாள் என்றார். செத்த உடம்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் பேரம் பேச அது நல்ல நாள்.

இப்படி எழுத இன்று எனக்கு வாய் வருகிறது. அன்று வரவில்லை. அன்று நான் அந்தத் தூதை எடுத்துக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆம், போனேன். போகும் வழியில் இது நல்லதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

முற்றம் வெறுமையாகக் கிடந்தது. பந்தல் இல்லை, கதிரை இல்லை. தொண்டைமானாற்றிலிருந்து ரீச்சரின் ஒன்றுவிட்ட அண்ணையும் அவருடைய மகனும் மட்டும் வந்திருந்தார்கள். அந்த மகன்தான் கொள்ளி வைக்கப்போகிறவன். ரீச்சர் தகப்பனின் தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் தலைவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிந்ததும் கேட்டார்:

"அப்ப நான் கண்டதைக் காணேல்லை எண்டால் அப்பாவைக் காவ ஆள் வரும்?"

"அப்பிடி இல்லை ரீச்சர்..."

"அப்பிடித்தான் அண்ணை. நீங்கள் நல்ல வடிவாச் சொன்னனீங்கள்." திரும்பித் தகப்பனைப் பார்த்தார். "அப்பா கிடக்கிற கிடையைப் பாத்தால் சொல்லிப்போடலாம் போலத்தான் இருக்கு. ஒரு சொல்லுத்தானே. ஆனால் அடிவாங்கின அந்தப் பெடியன்ரை பக்கம் கதைக்கிறதுக்கு வேறை ஒரு வாய் இல்லை. நான் மாட்டன். நாங்கள் மூண்டு பேரும் இழுத்துக்கொண்டெண்டாலும் போவம்."

நான் திரும்பினேன். படலை மட்டும் வந்திருப்பேன். பின்னாலிருந்து சொன்னார்:

"அண்ணை, பொலிசிலை நான் ஐஞ்சு பேர்தான் சொன்னனான். ஆர் மைக்கிலை கூப்பிட்டது எண்டும் கேட்டவை. தெரியாது எண்டிட்டன். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு எண்டு. அது ஒண்டுதான் நான் சொன்ன பொய்."

இரண்டு வருடம் நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டு போன ரீச்சர் இவர்.

ஒன்பதரைக்குக் கூட்டம் தொடங்கியது. ஊர் நிரம்பிவிட்டது. அடித்த ஐந்து பேரில் மூன்று பேர் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு கதிரை அடுக்கினார்கள். பிரதம விருந்தினர் வெளியிலிருந்து வந்த அதிகாரி, பாவம், அவருக்கு ஊரின் ஒரு கதையும் தெரியாது. விளக்கேற்றினார்கள். பிறகு தலைவர் பேசினார். நான் முதலில் எழுதிய வாக்கியத்தைச் சொன்னார். கை தட்டினார்கள். மட்டை பிடித்த கைகளும் தட்டின. வேப்பமரத்தில் என்னுடைய ஒலிபெருக்கி ஒன்று கட்டியிருந்தது. அதே மரம். நான்தான் கட்டினேன், வேறு உயரமான இடம் இல்லை என்று.

அகிம்சைக்காக உயிர்விட்டவர்களுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதை அறிவிக்க மைக் என் கைக்கு வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு நிமிடம். தலைவர் கண்ணை மூடி நின்றார். நான் அவருடைய மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் முடிந்து எல்லோரும் கதிரையைத் தேடிக் குனியும்போது, "இருக்காதேங்கோ" என்றேன்.

பிறகு என்னுடைய மரண அறிவித்தல் குரலில் சொன்னேன். அந்தக் குரல் ஊருக்குத் தெரியும். முதல் சொல்லிலேயே பெண்கள் பக்கம் அடங்கிவிட்டது. எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் பந்தற்கிடங்கு கிண்டியவர் இன்று அதிகாலை காலமானார், அவர் முன்பள்ளி ரீச்சரின் பாசமுள்ள தந்தை, ஈமக்கிரியைகள் பின்னேரம் மூன்று மணிக்கு அவருடைய வீட்டில். இரண்டு தரம் சொன்னேன். கடைசியில் வழக்கத்தில் இல்லாத ஒரு வரியும் சேர்த்தேன்: "இப்ப எல்லாரும் அறிஞ்சிட்டியள்."

தலைவர் என் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "செற்றை நிப்பாட்டு" என்றார்.

"செற் என்ரை ஐயா."

"நாளைக்கு உன்ரை செற்றை ஆர் எடுக்கிறாங்கள் பாப்பம்."

மைக் திறந்தே இருந்தது. அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது. பிரதம விருந்தினர் பதறி எழும்பி, "அடடா, ஊரிலேயே ஒரு மரணமா? அப்படியென்றால் கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் போகத்தானே வேண்டும்?" என்று தலைவரைக் கேட்டார். தலைவர், "ஓம், ஓம்" என்றார். நான் வாழ்நாளில் கேட்ட மிக மெல்லிய "ஓம்" அது.

கூட்டம் முடிந்ததும் கயிற்றோடு வெள்ளைக்கொடிகளை இழுத்துச் சுருட்டி ஓட்டோவில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. ரீச்சரின் ஒழுங்கை முழுவதும் கட்டினேன். தொண்டைமானாற்று அண்ணையோடு சேர்ந்து கிடங்கு கிண்டினேன். வாயால் பிழைத்தவன் நான். நான்காவது கிடங்கு முடியும்போது உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. பந்தல் கோணலாகத்தான் நின்றது. உள்ளே கிடந்த மனிதர் பார்த்திருந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டிருப்பார்.

மூன்று மணி. ஊர் வந்தது. எப்படி வந்தது என்று கேளுங்கள். ஒழுங்கை முகப்பு வரைக்கும் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு மதிலோரம் இரண்டு பக்கமும் நின்றது. ஒருவரும் ஒழுங்கைக்குள் கால் வைக்கவில்லை. அறிந்துவிட்டார்கள், ஆகவே வராமல் இருக்க முடியாது. தலைவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஆகவே உள்ளே வரவும் முடியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய எங்கள் ஊரால் மட்டும்தான் முடியும். வராமல் விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

கிரியை முடிந்தது. ஐயர் கைமணிக்கூட்டைப் பார்த்தார். பெட்டியை மூடினோம். பிரேத வண்டி அந்த ஒழுங்கைக்குள் வராது, முகப்புவரை காவித்தான் கொண்டுபோக வேண்டும். காவக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். நான் ஒருவன், தொண்டைமானாற்று அண்ணை ஒருவர், வண்டிச் சாரதி ஒருவர். கொள்ளி வைப்பவன் கொள்ளிக்குடத்தோடு முன்னால் போகவேண்டும். நான்காவது ஆள் இல்லை. நான் படலைக்கு வெளியே வந்து, மைக் இல்லாமல், "ஒரு ஆள் வேணும்!" என்று கத்தினேன்.

ஒழுங்கை முகப்பில் ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் போனைப் பார்த்தார். அடித்தவர்களில் ஒருவன் ஒரு அடி எடுத்து வைத்தான், தலைவர் அவனைத் திரும்பிப் பார்த்தார், அவன் நின்றுவிட்டான்.

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று சனத்தை விலக்கிக்கொண்டு மீன்கார அக்கா வந்தார். ஸ்கூட்டியை மதிலில் சாத்தினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே முற்றத்துக்குள் வந்து பெட்டியின் நான்காவது மூலையில் கையை வைத்தார்.

"பிடியும்."

"அக்கா, பொம்பிளையள் காவிற வழக்கம் இல்லை..." என்று நானே சொன்னேன். இத்தனைக்குப் பிறகும் என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"உங்கடை வழக்கத்தைத்தானே ஒழுங்கை முகப்பிலை பாத்துக்கொண்டு வாறன். நான் மாதாவைக் கும்பிடுற வேதக்காரி, எனக்கு உது தெரியாது. இந்த மனுசன் எனக்கு ஒவ்வொரு நாளும் கதிரை தந்த மனுசன். தூக்கும்."

தூக்கினோம். படலையைத் தாண்டி நான்கு எட்டு வைத்திருப்போம். ஒழுங்கை முகப்பில் ஒரு சலசலப்பு. "என்னடா இது, மீன்காரி காவிறதோ?" என்று ஒரு குரல். "பக்கத்து ஊர்க்காரன் கண்டால் நாளைக்கு என்ன கதைப்பான்?" என்று இன்னொன்று. தடதடவென்று ஆட்கள் ஓடிவந்தார்கள். இரண்டு, நான்கு, ஆறு பேர். தலைவரே வந்தார். அக்காவின் தோளிலிருந்து பெட்டியை வாங்கினார்கள். வாங்கியதென்ன, பறித்தார்கள். என் தோளிலிருந்தும் பறித்தார்கள். ஊர் கூடி அவரைக் காவிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் எவ்வளவு ஒற்றுமையான ஊர் என்று சொல்லியிருப்பார்கள்.

செத்தவர்மேல் இரக்கத்தில் அவர்கள் ஓடி வரவில்லை. மகளை நினைத்தும் வரவில்லை. படலைக்கு வெளியே நிறுத்தி மீன் வாங்கும் பெண் ஒருத்தி தங்கள் ஊர்ப் பிரேதத்தைத் தொட்டுவிட்டாள் என்பதற்காக ஓடி வந்தார்கள். இரண்டு வருடம் அசையாத கால்கள் அதற்கு மட்டும் அசைந்தன. காலையில் இதே ஆட்கள்தான் அன்பைப் பற்றிக் கேட்டுக் கை தட்டினார்கள்.

நான் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் படலைக்கு அப்பால் போவதில்லை. அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போய்ப் பறிக்கட்டோ?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன், ஓடிப்போய் யாரையாவது அடித்திருப்பேன்.

"வேண்டாம் அண்ணை. ஆர் காவினால் என்ன, அப்பா போகட்டும். இதுக்காக நான் ஒண்டையும் மாத்திச் சொல்லப்போறேல்லை. அது அவைக்கும் தெரியும்."

அக்கா தோளைத் தடவிக்கொண்டு வந்தார். "அடக் கடவுளே, என்ன பாரம்! இந்த மனுசனுக்கு நான் குடுத்த ஒட்டி எல்லாம் உள்ளுக்கைதான் இருந்திருக்கு" என்றார். அன்று முழுவதும் அழாத ரீச்சர் அப்போதுதான் சிரித்து, சிரித்தது அழுகையாக மாறி, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டார்.

சுடலையிலிருந்து திரும்பிக் கிணற்றடியில் முழுகும்போது மனிசி வாளியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "கோவில் திருவிழாவுக்கு உங்கடை செற் வேண்டாமாம். ஆள் விட்டுச் சொல்லிப்போட்டினம்." பிறகு, உரிந்த கையைப் பார்த்துவிட்டு, "நல்லெண்ணெய் பூசுங்கோ" என்றாள்.

எண்ணெய் பூசிக் கை ஆற ஒரு கிழமை எடுத்தது. ஆறியதும் ஒரு காலைநேரம் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். ரீச்சருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பார். மேசையில் இருந்தவர் தமிழ் தெரிந்தவர்தான். என்ன என்று கேட்டார்.

"வாசிகசாலை அடி வழக்கு ஐயா. அதிலை ஒரு பேர் விடுபட்டுப் போச்சு."

"ஆற்றை பேர்?"

என் பெயரைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரும் அடிச்சனீரோ?"

"இல்லை. நான்தான் மைக்கிலை ஆக்களைக் கூப்பிட்டனான்."

"அண்டைக்கு என்ன சொன்னீர்? சொன்னதை அப்பிடியே சொல்லும், எழுதவேணும்."

தொண்டையைச் செருமினேன். "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அவசர அறிவித்தல்" என்று தொடங்கினேன். இருபத்தைந்து வருடம் மூன்று ஊர்களுக்குக் கேட்ட குரல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

"விளங்கேல்லை" என்றார். "சத்தமாச் சொல்லும்."